தினமும் துடைப்பதா, வாரம் ஒருமுறை கழுவுவதா?

கார் வைத்திருப்பவர்கள் சாலையில் விழுந்த கீறல்களை மறப்பதில்லை. எந்தச் சந்தில் ஆட்டோ உரசியது, எந்த மாலில் தூணில் இடித்தது என்று தேதியோடு சொல்வார்கள். ஆனால் பெயின்டை மங்கவைக்கும் கீறல்களில் பெரும்பங்கு சுத்தம் செய்கிற கையால் விழுகிறது. வாங்கி ஓராண்டான கறுப்புக் கார் ஒன்றை வெயிலில் நிறுத்தி அதன் பானெட்டைப் பாருங்கள். சூரியனின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலைபோல மெல்லிய வட்டக் கோடுகள் தெரியும். இவற்றைத்தான் ஸ்விர்ல் என்கிறார்கள். வெள்ளைக் காரிலும் இதே அளவு இருக்கும், கண்ணுக்குத்தான் படாது.

துணியை வட்டமாகச் சுழற்றியதால்தான் வட்டக் கீறல் விழுந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. கீறல்கள் எல்லாத் திசைகளிலும் கிடக்கின்றன. அவற்றுள் ஒளிக்குக் குறுக்கே அமைந்தவை மட்டுமே நம் கண்ணுக்கு ஒளியைத் திருப்பி அனுப்புவதால், விளக்கைச் சுற்றி வட்டமாகத் தெரிகின்றன. ஆகவே நேர்கோட்டில் துடைத்தால் மட்டும் கீறல் விழாமல் போகாது. துணிக்கும் பெயின்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பதே கேள்வி. அந்தக் கேள்வியை வைத்துத்தான் நம் ஊரில் வழக்கிலுள்ள இரண்டு முறைகளை ஒப்பிட வேண்டும்: தினத் துடைப்பு, வாரக் கழுவல்.

இன்றைய கார்களில் நிறத்தின் மேல் கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சு இருக்கிறது. பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான் தடிமன், தலைமுடியைவிட மெல்லியது. பளபளப்பும் வெயில் தாங்கும் சக்தியும் அதனுடையவை. அதன்மேல் வந்து உட்காரும் நம் ஊர்த் தூசியில் குவார்ட்ஸ் கலந்திருக்கிறது. கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸ் 7. சாதாரணப் பேனாக்கத்தியின் இரும்பு 5.5 அளவில்தான் நிற்கிறது. தெருவெங்கும் கட்டட வேலை, எம்-சாண்ட் லாரிகள், மெட்ரோவுக்காகத் தோண்டிய சாலைகள் என்றிருக்கும் சென்னையில் ஓர் இரவு வெளியே நின்ற காரின்மேல் கத்தியைவிடக் கடினமான துகள்கள் படிந்திருக்கின்றன. அவற்றின்மேல் துணியை அழுத்தி இழுக்கிறோம்.

தினத் துடைப்பு எப்படி நடக்கிறது என்பது அடுக்குமாடிகளில் இருப்பவர்களுக்குத் தெரியும். விடியுமுன் ஒருவர் ஒரு வாளித் தண்ணீரும் பழைய துணியுமாக வருவார். ஏழு மணிக்குள் பத்து, பதினைந்து கார்களை முடித்தாக வேண்டும். நான்காவது காருக்கு வரும்போதே தண்ணீர் பழுப்பாகியிருக்கும். முதல் காரின் மண்ணை நனைத்து ஐந்தாவது காரின்மேல் தேய்க்கும்படி ஆகிவிடுகிறது. ஈரத் துணி மண்ணைத் தளர்த்தினாலும், அதை அடித்துச் செல்லும் அளவுக்கு அதில் தண்ணீர் இல்லை. டிக்கியில் கிடக்கும் டஸ்டரும் சிக்னலில் வாங்கும் மஞ்சள் துணியும் இன்னும் மோசம், அவற்றில் அந்த ஈரம்கூட இல்லை. வாரத்தில் ஆறு நாள் என்றால் ஆண்டுக்கு 312 முறை துணி பெயின்டைத் தொடுகிறது. வாரம் ஒருமுறை கழுவும் காருக்கு 52 தொடுதல்தான், அதுவும் மண் இறங்கிய பிறகு.

இதில் துடைப்பவரைக் குறை சொல்வது பெரும் அநியாயம். ஒருநாள் துடைக்காவிட்டால் கேள்வி கேட்பது நாம். மாதச் சம்பளத்துக்குத் தினமும் பளபளப்பு வேண்டும் என்று விதித்தவர்களும் நாமே. வேறு வழியில் செய்ய அவருக்கு நேரமோ குழாயோ நாம் கொடுக்கவில்லை.

வாரக் கழுவலின் சூட்சுமம் எல்லாம் துணி படுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. கார் நிழலில் நிற்க வேண்டும், பானெட் ஆறியிருக்க வேண்டும். முதலில் கூரையிலிருந்து கீழ்நோக்கித் தண்ணீரை மட்டும் விட்டு, தளர்ந்த மண்ணை இறங்கவிட வேண்டும். பிறகு இரண்டு வாளிகள்: ஒன்றில் கார் ஷாம்பூ, இன்னொன்றில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்பூவில் தோய்த்து ஒரு பகுதியைக் கழுவியதும், வெறும் தண்ணீரில் அலசி மண்ணை உதிர்த்துவிட்டே மறுபடி ஷாம்பூவுக்குப் போக வேண்டும். வாளியின் அடியில் ஒரு சல்லடைத் தட்டைப் போட்டால் உதிர்ந்த மண் மேலே கிளம்பாது. கூரை, கண்ணாடி, பானெட், கதவின் மேல்பாதி என்று இறங்கி, மண் அதிகமுள்ள கதவடியையும் பம்பரையும் கடைசியில் தொட வேண்டும். சக்கரங்களுக்குத் தனித் துணி, தனி வாளி. பிரேக்கிலிருந்து உதிரும் இரும்புத் தூள் அங்கேதான் சேர்கிறது. கையுறைக்கு அதன் எடையே போதும், கையால் அழுத்தக் கூடாது. பாத்திரம் கழுவும் சோப்பு வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கைப் போக்குவதற்காகச் செய்த பொருள் அது, பூசிய வாக்ஸையும் கூடவே அரித்துவிடும்.

துவட்டுவதும் கழுவலில் அடங்கியதுதான். போர் தண்ணீர் தானாகக் காய்ந்தால் அதிலுள்ள சுண்ணாம்பு வெள்ளைப் புள்ளிகளாக நிற்கும். அதனால் பெரிய மைக்ரோஃபைபர் துண்டைப் பரப்பி, மெல்ல இழுத்து ஈரத்தை எடுத்துவிட வேண்டும். வீட்டு ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் தண்ணீரைக் காருக்குச் சேமிக்கும் நல்லெண்ணம் பலருக்கு இருக்கிறது. அதில் உப்பு இன்னும் அதிகம். சக்கரத்துக்கும் முதல் அலசலுக்கும் வைத்துக்கொள்ளலாம், கடைசி அலசலுக்கு ஆகாது.

தினத் துடைப்பின் பக்கத்திலும் நியாயம் உண்டு. பறவை எச்சம் வெயிலில் காய்ந்தால் கிளியர் கோட்டை அரிக்கும்; தினமும் பார்க்கும் கண் அதை உடனே எடுத்துவிடுகிறது. தண்ணீர்ச் செலவிலும் தினத் துடைப்புக்கே வெற்றி. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வற்றியதைப் பார்த்தவர்கள் குழாயைத் திறந்துவிட்டுக் கார் கழுவக் கூசுவார்கள். 2024 மார்ச்சில் பெங்களூரு குடிநீர் வாரியம் குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்றே அறிவித்தது. ஆனால் வாரக் கழுவலுக்கு ஹோஸ் கட்டாயமில்லை. பூவாளியோ கைத்தெளிப்பானோ கொண்டு சிக்கனமாக முடிக்கலாம். தண்ணீர் இன்னும் குறைவென்றால் ரின்ஸ்லெஸ் கரைசல்கள் இருக்கின்றன. அவற்றிலுள்ள பாலிமர்கள் மண்துகளைச் சூழ்ந்து வழுக்கவைப்பதால், ஒரு வாளிக் கரைசலிலேயே பல மடிப்புத் துண்டுகளைக் கொண்டு, பக்கம் மாற்றிமாற்றித் துடைத்து முடிக்கலாம். சேறு அப்பிய காருக்கு மட்டும் அது உதவாது.

இரு முறைகளாலும் ஆகாத வேலை ஒன்று உண்டு. கழுவித் துவட்டிய பானெட்டின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டித் தடவினால் சொரசொரவென்று தட்டுப்படும். பிரேக் தூள், ரயில் பாதையோரத்து இரும்புத் துகள், தார்ப் பொட்டு எல்லாம் பெயின்டில் குத்தி நிற்கின்றன. முதலில் இரும்பு நீக்கியைத் தெளித்தால் இரும்பு கரைந்து ஊதா நிறத்தில் வழியும். மிச்சத்தை எடுப்பது கிளே. ஜப்பானியரான டடாவோ கொடாட்டே இதற்கு 1995இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். காப்புரிமையில் அது வளையும் சாணைக்கல்லாகவே விவரிக்கப்பட்டிருக்கிறது. களிமண் உருண்டை என்று எண்ணி அலட்சியமாகத் தேய்ப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். வழுக்கும் திரவத்தைத் தாராளமாகத் தெளித்து, அழுத்தாமல் நகர்த்தி, அழுக்கானதும் பிசைந்து புதுப் பக்கம் எடுக்க வேண்டும். தரையில் விழுந்த கிளேயைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், அதில் ஒட்டிய மணலைப் பிரிக்கவே முடியாது. வாரம் ஒருமுறை சரியாகக் கழுவும் காருக்கு ஆண்டுக்கு ஒருமுறை கிளே போதும். தினம் துடைக்கும் காரில், ஏற்கனவே கீறிய பரப்பின்மேல் இன்னொரு உராய்வாகவும் அது சேர்கிறது.

கடைசியாகப் பூச்சு. கார்னோபா வாக்ஸ் பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை இனத்தின் ஓலையிலிருந்து வருகிறது. ஒளி ஆழமாகத் தெரியும், ஆனால் நம் கோடையில் சில வாரங்களுக்குமேல் நிற்பது கடினம். செயற்கை பாலிமர் சீலன்ட் சில மாதங்கள் தாங்கும். செராமிக் கோட்டிங் ஆண்டுக்கணக்கில் நிற்கும் என்பார்கள், ‘9ஹெச்’ கடினம் என்றும் விளம்பரம் இருக்கும். அந்த 9ஹெச் பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. மோஸ் அளவுகோலின் 9 அல்ல. மணல் அதையும் கீறும். பல்லாயிரம் ரூபாய் கொடுத்துக் கோட்டிங் போட்டுவிட்டு, மறுநாள் காலையே அந்தக் காரைப் பழுப்புத் தண்ணீர்த் துணியிடம் ஒப்படைப்பதைப் பார்க்க வேதனையாக இருக்கிறது. விழுந்த கீறலைப் பாலிஷ் போட்டு எடுக்கலாம். ஆனால் பாலிஷ் என்பது கிளியர் கோட்டையே சிறிது சிறிதாகச் சீவுவதுதான். இருப்பது நாற்பது மைக்ரான் சொச்சம், சீவியது திரும்ப வளராது.

எனவே பெயின்டுக்கு வாரக் கழுவலே நல்லது; தினத் துடைப்பு கண்ணாடியோடும் நம்பர் பிளேட்டோடும் நின்றுகொள்ளட்டும். எச்சம் விழுந்திருந்தால் ஈரத் துண்டை அதன்மேல் ஐந்து நிமிடம் ஊறவிட்டுத் தூக்கி எடுத்தால் போதும். உங்கள் காரைத் துடைப்பவரிடம் இந்த மாதமே பேசுங்கள். சம்பளத்தில் ஒரு ரூபாய்கூடக் குறைக்காமல், ஆறு நாள் துடைப்புக்குப் பதிலாக வாரத்தில் ஒருநாள் நிதானமான கழுவலைக் கேளுங்கள். இரண்டு வாளிகளையும் ஒரு கையுறையையும் நல்ல துண்டுகளையும் நீங்களே வாங்கிக் கொடுங்கள்.