பாலம் தாண்டினால் குற்றவாளி: துப்பாக்கியும் அமெரிக்க மாநில எல்லைகளும்

இன்னைக்கு எபிசோடை ஒரு ஹேண்ட்பேக்ல இருந்து தொடங்கலாம்.

2013 அக்டோபர். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் பிலடெல்பியா நகரத்தைச் சேர்ந்தவர் ஷனீன் ஆலன். வயது 27. இரண்டு குழந்தைகளைத் தனியாக வளர்க்கும் அம்மா. வழிப்பறிக்கு ஆளானவர் என்பதால் ஒரு கைத்துப்பாக்கி வாங்கினார். அதை மறைத்து எடுத்துச் செல்ல பென்சில்வேனியாவில் முறையாக லைசென்ஸும் எடுத்தார். ஒரு நாள் நள்ளிரவுக்குப் பிறகு பக்கத்து மாநிலமான நியூ ஜெர்சியில் கார் ஓட்டிக்கொண்டிருந்தபோது, லேன் மாறியது சரியில்லை என்று போலீஸ் நிறுத்துகிறது. அவராகவே முன்வந்து, தன்னிடம் துப்பாக்கி இருக்கிறது, லைசென்ஸும் இருக்கிறது என்று சொல்கிறார்.

அங்கேயே கைது. அந்த லைசென்ஸ் நியூ ஜெர்சியில் செல்லாது. நாற்பது நாளுக்கும் மேல் ஜெயில். குற்றம் நிரூபணமானால் குறைந்தபட்சம் மூன்றரை வருஷம் சிறை.

இந்தக் கேஸை முதலில் படித்தபோது எனக்கு ஒரு விஷயம் உறுத்தியது. ஒரு ப்ராஜெக்ட்டுக்காக நான் ஆறு மாசம் பிலடெல்பியாவில் இருந்தேன். வீக்எண்ட் ஆனா டீம் ஆட்களோட அட்லாண்டிக் சிட்டி பீச்சுக்குப் போவோம். டெலவேர் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் நியூ ஜெர்சி. செக்போஸ்ட் கிடையாது, யாரும் நிறுத்த மாட்டாங்க. திரும்பி வரும்போது டோல் கட்டுவோம், அவ்வளவுதான். அந்தப் பாலத்தில் சட்டம் மாறுகிறது என்று எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை. அதே பக்கம் போன ஷனீனுக்கும் தோன்றவில்லை.

நம்ம ஊர்ல 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் நாடு முழுக்க ஒன்றுதான். எந்தப் பகுதிக்குள் செல்லும் என்பது லைசென்ஸிலேயே எழுதியிருக்கும். அமெரிக்காவில் ஒரு மாநிலத்தின் டிரைவிங் லைசென்ஸை மற்ற மாநிலங்கள் ஏற்கின்றன. துப்பாக்கி எடுத்துச் செல்லும் லைசென்ஸ் மட்டும் அப்படி இல்லை. யாருடையதை ஏற்பது என்று ஒவ்வொரு மாநிலமும் தானே முடிவு செய்கிறது. ஒரு மாநிலத்தில் கம்பைல் ஆகும் கோட், அடுத்த மாநிலத்தில் எரர் அடிக்கும். எரர் மெசேஜ் கைவிலங்கு.

இது எப்படி இப்படி ஆச்சு? கொஞ்சம் பின்னால போவோம்.

1911 ஜனவரியில் நியூயார்க்கில் டேவிட் கிரஹாம் பிலிப்ஸ் என்ற நாவலாசிரியர் பட்டப்பகலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே வருஷம் அந்த மாநிலம் சல்லிவன் சட்டம் கொண்டுவந்தது: லைசென்ஸ் இல்லாமல் கைத்துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. சில மணி நேரம் வடக்கே காரில் போனால் வெர்மான்ட் மாநிலம். அங்கே துப்பாக்கி எடுத்துச் செல்ல லைசென்ஸ் என்ற பேச்சே இருந்ததில்லை. இரண்டும் ஒரே நாடு, ஒரே அரசியலமைப்பு.

அடுத்த திருப்பம் 1968. ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங், ஜூனில் ராபர்ட் கென்னடி, இருவரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்கு ஐந்து வருஷம் முன்னால் ஜனாதிபதி கென்னடியைக் கொன்ற துப்பாக்கி, வேறொரு மாநிலத்துக் கடையில் இருந்து தபாலில் வந்தது. 1968 அக்டோபரில் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்ட சட்டம் இந்த ஓட்டையை அடைத்தது: சொந்த மாநிலத்துக்கு வெளியே போய் கைத்துப்பாக்கி வாங்க முடியாது.

விற்பனைக்கு மத்திய அரசு எல்லை போட்டாச்சு. எடுத்துக்கிட்டுப் பயணம் போறவங்களோட கதி? வேட்டைக்கும் துப்பாக்கி சுடும் போட்டிக்கும் போகிறவர்கள் நியூயார்க், நியூ ஜெர்சி மாதிரி கண்டிப்பான மாநிலங்களைக் கடக்கும்போது சிக்கிக்கொள்கிறார்கள் என்ற புகார் வாஷிங்டனுக்குப் போனது. 1986 மே 19 அன்று ஜனாதிபதி ரீகன், துப்பாக்கி உரிமையாளர் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதில் ஒரு பகுதிக்குப் பெயர் 'பாதுகாப்பான பயணம்'.

இங்கே ஒரு முரண் இருக்கு. 1980 அக்டோபரில் நாஷ்வில் விமான நிலையத்தில் ஜான் ஹிங்க்லி என்ற இளைஞன் மூன்று கைத்துப்பாக்கிகளோடு பிடிபட்டான். அபராதம் கட்டவைத்து விட்டுவிட்டார்கள். சில நாளிலேயே டல்லாஸில் வேறு துப்பாக்கி வாங்கினான். அடுத்த மார்ச்சில் அதை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வாஷிங்டன் வந்து ரீகனையே சுட்டான். துப்பாக்கியோடு மாநிலம் விட்டு மாநிலம் வந்தவனால் சுடப்பட்ட அதே ஜனாதிபதிதான், ஐந்து வருஷம் கழித்து அந்தப் பயணத்துக்கு வழிவிடும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார்.

சரி, சட்டம் என்ன சொல்லுது? கிளம்பும் இடத்திலும் போய்ச் சேரும் இடத்திலும் அந்தத் துப்பாக்கியை வைத்திருக்கவும் எடுத்துச் செல்லவும் உங்களுக்குச் சட்டப்படி உரிமை இருக்க வேண்டும். துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது. துப்பாக்கியும் தோட்டாவும் உட்கார்ந்த இடத்தில் இருந்து எட்டக் கூடாது. அதாவது டிக்கியில் இருக்க வேண்டும். டிக்கி தனியாக இல்லாத வண்டி என்றால் பூட்டிய பெட்டி. டாஷ்போர்டு அறை ஆகாது. இதெல்லாம் சரியாக இருந்தால், நடுவில் வரும் மாநிலத்தின் சட்டம் எதுவாக இருந்தாலும் நீங்கள் கடந்து போகலாம்.

பயன்படுத்தவே முடியாத நிலையில் இருக்கும் துப்பாக்கியைக் கடத்திக்கொண்டு போகத்தான் அனுமதி. இடுப்பில் செருகிக்கொண்டு நடக்க இல்லை. ஷனீனின் துப்பாக்கி தோட்டாவோடு ஹேண்ட்பேக்கில் இருந்தது, அதனால் இந்தச் சட்டம் அவரைக் காப்பாற்றவில்லை.

அப்போ விதியைப் பின்பற்றினால் பிரச்சினை இல்லையே? நானும் அப்படித்தான் நினைத்தேன். இன்னொரு கேஸைப் பாருங்க.

2005-ல் யூட்டா மாநிலத்துக்காரர் ஒருவர் பென்சில்வேனியாவின் ஆலன்டவுனுக்கு விமானத்தில் கிளம்பினார். துப்பாக்கியை விதிப்படி பூட்டிய பெட்டியில் வைத்து, அறிவித்து, செக்-இன் லக்கேஜில் போட்டார். நியூ ஜெர்சியின் நெவார்க்கில் மாற வேண்டிய விமானம் தவறிப்போனது. லக்கேஜ் குழப்பத்தில் மாற்று பஸ்ஸும் போய்விட்டது. பெட்டியை வாங்கிக்கொண்டு அன்று இரவு ஹோட்டலில் தங்கினார். மறுநாள் காலை விமான நிலையத்தில் திரும்பவும் நேர்மையாக அறிவித்தார். கைது. வழக்கு பிறகு கைவிடப்பட்டாலும், துப்பாக்கி திரும்பக் கிடைக்க இரண்டு வருஷத்துக்கும் மேல் ஆனது.

அவர் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். 2010-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஹோட்டலில் தங்கிய இரவு பெட்டி அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது, அதனால் சட்டத்தின் பாதுகாப்பு அப்போதே போய்விட்டது என்றது. அவர் சிக்கலில் மாட்டியது அவர் தப்பே இல்லை என்பதை நீதிபதிகளும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அதைச் சரிசெய்ய வேண்டியது நாடாளுமன்றம் என்று விட்டுவிட்டார்கள். வழியில் சாப்பிட, தூங்க எவ்வளவு நேரம் நிற்கலாம் என்று 1986 சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை.

இதைக் கேட்டதும் நியூ ஜெர்சியைத் திட்டத் தோணும். கொஞ்சம் பொறுங்க. ஃப்ளோரிடாவில் இருந்து வடகிழக்குக் கரைக்குப் போகும் ஐ-95 நெடுஞ்சாலைக்கு 'இரும்பு பைப்லைன்' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. விதிகள் தளர்வான தென் மாநிலங்களில் வாங்கிய துப்பாக்கிகள் அந்த வழியாக நியூயார்க், நெவார்க் தெருக்களுக்கு வந்து சேர்கின்றன. பக்கத்து வீட்டுக் கூரை ஒழுகினால் நம்ம சுவரும் நனையும் என்பதுதான் அந்த மாநிலங்களின் வாதம். இறந்தவர்களைப் பார்த்த ஊர் அப்படித்தான் சட்டம் போடும்.

பொதுவான தீர்வுக்கும் முயற்சி நடந்தது. ஒரு மாநிலத்தின் லைசென்ஸை எல்லா மாநிலமும் ஏற்க வேண்டும் என்ற மசோதா 2017 டிசம்பரில் பிரதிநிதிகள் சபையில் 231-க்கு 198 என்று நிறைவேறியது. செனட்டில் நின்றுபோனது. 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம், வீட்டுக்கு வெளியே துப்பாக்கி எடுத்துச் செல்வதும் அரசியலமைப்பு தரும் உரிமைதான் என்று சொல்லி, நியூயார்க்கின் பழைய லைசென்ஸ் விதியை ரத்து செய்தது. ஆனாலும் பென்சில்வேனியா லைசென்ஸை நியூ ஜெர்சி ஏற்றாக வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை.

ஷனீனுக்கு என்ன ஆச்சு? கேஸ் நாடு முழுக்கப் பேசப்பட்டது. இப்படிப்பட்ட வெளிமாநிலத்தவர்களை எப்படி நடத்த வேண்டும் என்று 2014-ல் மாநில அரசு வழக்கறிஞர்களுக்குப் புதிய வழிகாட்டுதல் கொடுத்தது. அதன் பிறகு சிறைக்குப் பதில் கண்காணிப்புத் திட்டத்தில் சேர்த்தார்கள். 2015 ஏப்ரலில் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி முழு மன்னிப்பு கொடுத்தார்.

ஹிங்க்லி மாதிரி ஆள் யாரிடமும் எதையும் அறிவிக்க மாட்டான். இந்த இரண்டு கேஸிலும் மாட்டியவர்கள் வாயைத் திறந்து உண்மையைச் சொன்னவர்கள். ஷனீனுக்கு ஒரு ஆளுநர் கிடைத்தார். செய்தியில் வராதவர்களுக்கு அப்படி ஒரு ஆளுநர் கிடைக்காமல் போகலாம். துப்பாக்கி வேண்டும், வேண்டாம் என்று எந்தப் பக்கம் நீங்க இருந்தாலும், உண்மையைச் சொன்னவரை முதலில் பிடிக்கும் சட்டம் சரியா என்ற கேள்வி இரண்டு பக்கத்துக்கும் பொதுவானது. நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.