வீட்டுவழி முதியோர் பராமரிப்பு (தமிழ்நாடு)

வயது முதிர்ந்தவர்கள் தம் சொந்த வீட்டில், பழகிய தெருவில் தொடர்ந்து வாழ்வதற்காக அரசு தன் செலவில் தரும் உதவியே வீட்டுவழி முதியோர் பராமரிப்பு. பண உதவி, மருந்து, இயன்முறைச் சிகிச்சை, வலிதணிப்புச் சேவை, உணவுப் பொருள், குளிப்பாட்டவும் உணவூட்டவும் ஆள் துணை ஆகியவை இதில் அடங்கும். தமிழ்நாட்டில் இதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. பல துறைகளின் திட்டங்களாக இது வளர்ந்தது. 1962இல் பணமாகவும், 2021இல் மருந்தாகவும், 2025இல் ரேஷன் பொருளாகவும் அரசின் உதவி முதியோரின் வாசலை எட்டியது. ஆள் துணை இன்னும் வந்து சேரவில்லை.

தேவையின் பின்னணி

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தோர் 10.4 விழுக்காடு, இந்திய அளவில் 8.6 விழுக்காடு. 2031இல் தமிழ்நாட்டின் விகிதம் 18 விழுக்காட்டைத் தாண்டும் என்பது மத்திய அரசின் மக்கள்தொகைக் கணிப்பு. பிறப்பு விகிதம் பிற மாநிலங்களுக்கு முன்பே குறைந்ததும், ஆயுள் கூடியதும், பிள்ளைகள் வேலைக்காக ஊர் விட்டுப் போனதும் இதன் காரணங்கள்.

இந்தத் தேவையின் முழு அளவைத் தூத்துக்குடி மாவட்டத்தில் காணலாம். கடலோரத்தில் மீன்பிடியும் சங்குகுளியும், அதையொட்டி உப்பளங்களும், வடக்கே கோவில்பட்டி, விளாத்திகுளம், புதூர்ப் பகுதிகளில் கரிசல் வேளாண்மையும் இம்மாவட்டத்தின் தொழில்கள். இவற்றில் உழைத்தவர்களில் பெரும்பாலோருக்கு வருங்கால வைப்பு நிதியும் இல்லை, பணி ஓய்வூதியமும் இல்லை. உப்பளத்தில் வெயிலின் கூச்சம் கண்ணையும், உப்புநீர் காலையும் கெடுக்கும். பாத்தியில் இறங்க முடியாத நாளில் கூலியும் நின்றுவிடும். தூத்துக்குடி – திருநெல்வேலி சாலையிலுள்ள புதுக்கோட்டை போன்ற ஊர்களில், பக்கவாதம் வந்து படுத்துவிட்ட ஒருவரை நகரத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக ஆட்டோ வாடகை வேண்டும், தூக்கி ஏற்ற ஆள் வேண்டும், உடன் போகிறவர் அன்றைய கூலியை விடவேண்டும். மருந்து இலவசமாகக் கிடைத்தாலும் அதைப் பெறப்போவது இலவசமில்லை.

பணம்: ஓய்வூதியத்தின் காலம்

முதுமையிலும் நோயிலும் குடிமக்களுக்கு அரசு துணைநிற்க வேண்டும் என்பதை 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 41ஆவது பிரிவு வழிகாட்டு நெறியாக வைத்தது. தமிழ்நாட்டில் அது செயலானது 1962 ஏப்ரல் 1 அன்று. காமராசர் முதலமைச்சராக இருந்த அந்த நாளில், ஆதரவற்ற முதியோருக்கு மாதம் 20 ரூபாய் ஓய்வூதியம் தொடங்கியது.

மக்கள் வழக்கில் ‘ஓ.ஏ.பி. பணம்’ எனப்படும் இந்த உதவி நெடுங்காலம் மணியார்டராக வந்தது. தபால்காரர் திண்ணையில் அமர்ந்து கைநாட்டு வாங்கிப் பணத்தை எண்ணிக் கொடுத்ததுதான் அரசின் முதல் வீட்டுவழி உதவி. பிறகு பட்டுவாடா வங்கிகளுக்கு மாறியது. மாற்றுத்திறனாளிகள், கணவரை இழந்தோர், விவசாயத் தொழிலாளர் என ஓய்வூதியத்தின் வட்டமும் விரிந்தது. 1983இல் சத்துணவுத் திட்டத்தின் மதிய உணவு ஓய்வூதியம் பெறும் முதியோருக்கும் வழங்கப்பட்டது. ஆனால் உண்ண மையத்துக்கு நடந்து வரவேண்டும்.

1995 ஆகஸ்ட் 15 அன்று மத்திய அரசின் தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டம் தொடங்கி, 2007இல் இந்திரா காந்தி பெயரைப் பெற்றது. அதில் மத்திய அரசின் பங்கு 60 முதல் 79 வயது வரை மாதம் 200 ரூபாய், 80 வயதுக்கு மேல் 500 ரூபாய். மீதியை மாநில அரசு ஏற்கிறது. தமிழ்நாட்டில் மொத்தத் தொகை 2011இல் 1,000 ரூபாயாகவும், 2023இல் 1,200 ரூபாயாகவும் உயர்ந்தது.

சட்டமும் மருத்துவமும்

2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் பராமரிப்பைப் பிள்ளைகளின் கடமையாக்கியது. கைவிடப்பட்ட பெற்றோர் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் முறையிட்டு மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை பெறலாம். கூலிக்குப் போகும் பிள்ளையால் எவ்வளவு தரமுடியும் என்ற கேள்விக்கு இச்சட்டத்தில் விடையில்லை.

முதியோர் மருத்துவத்தில் தமிழ்நாடு முன்னோடி. சென்னை மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த அரசுப் பொது மருத்துவமனையில் 1978இல் மருத்துவர் வி.எஸ். நடராஜன் முதியோருக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கினார். 2010இல் முதியோர் நலத்துக்கான தேசியத் திட்டம் வந்தது. 2024இல் சென்னை கிண்டியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மையம் திறக்கப்பட்டது. இவை அனைத்தும் நோயாளி மருத்துவமனைக்கு வருவதை எதிர்பார்த்தவை.

நோயாளியிடம் மருத்துவம் போகும் வழியை முதலில் காட்டியது கேரளம். 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிதணிப்பு இயக்கம் மலப்புறத்தின் தெருக்களில் தன்னார்வலர்களால் வேரூன்றியது. 2008இல் கேரள அரசு அதைக் கொள்கையாக ஏற்க, ஊராட்சிச் செவிலியர்கள் வீடு வீடாகச் சென்றனர்.

மருந்து: மக்களைத் தேடி மருத்துவம்

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைத் தொடங்கிவைத்தார். இது முதியோருக்கு மட்டுமானதன்று. 45 வயதைக் கடந்தோரும் நடமாட இயலாதோரும் முதன்மைப் பயனாளிகள். எனினும் இதனால் மிகுதியும் பயன்பெறக்கூடியவர்கள் வீட்டை விட்டு வெளியே வரமுடியாத முதியோரே.

திட்டம் ஊராட்சி ஒன்றிய அளவில் இயங்குகிறது. தூத்துக்குடி மாவட்டத்தில் அத்தகைய ஒன்றியங்கள் 12. சுய உதவிக் குழுவைச் சேர்ந்த உள்ளூர்ப் பெண் ஒருவர் மகளிர் சுகாதாரத் தன்னார்வலராக வீடுகளுக்குச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை தருகிறார். வலிதணிப்புச் செவிலியர் படுக்கைப் புண்ணைச் சுத்தம் செய்து கட்டுகிறார். சிறுநீர்க் குழாயை மாற்றுகிறார். இயன்முறை மருத்துவர் பக்கவாத நோயாளியின் கைகால்களுக்குப் பயிற்சி தருகிறார். வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்வோருக்குத் திரவப் பைகள் வீட்டுக்கே வருகின்றன. 2024இல் இத்திட்டம் தொற்றா நோய்த் தடுப்புக்கான ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதைப் பெற்றது.

அரிசி: தாயுமானவர் திட்டம்

2025 ஆகஸ்ட் 12 அன்று தொடங்கிய முதலமைச்சரின் தாயுமானவர் திட்டம், 70 வயதைக் கடந்தோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரின் வீடுகளுக்கு ரேஷன் பொருள்களைக் கொண்டுசேர்த்தது. மாதத்தின் இரண்டாம் சனி, ஞாயிறுகளில் எடைக்கருவியுடன் வண்டி தெருவுக்கு வருமாறு ஏற்பாடு செய்யப்பட்டது. 20 லட்சத்துக்கும் மேற்பட்ட முதியோர் இதன் பயனாளிகள். அதே ஆண்டு நவம்பரில், பகலில் முதியோர் கூடியிருக்க ‘அன்புச்சோலை’ மையங்கள் தொடங்கப்பட்டன.

பிற நாடுகளில்

ஆஸ்திரேலியா 1985இல் வீட்டுப் பராமரிப்புக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. 2025 நவம்பர் 1 முதல் அங்கு அரசின் வீட்டு உதவிகள் புதிய முறைக்கு மாற்றப்பட்டன. ஜெர்மனி 1995இலும் ஜப்பான் 2000இலும் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டைத் தொடங்கின. ஜப்பானில் 40 வயது நிறைந்தோர் அனைவரும் சந்தா செலுத்துகின்றனர். முதுமையில் உதவியாளர் வீட்டுக்கே வந்து குளிப்பாட்டுகிறார். பராமரிப்பு அங்கே வேண்டிக் கேட்கும் சலுகையன்று, உரிமை.

மதிப்பீடு

தமிழ்நாட்டின் சாதனை தெளிவானது: பணமும் மருந்தும் அரிசியும் முதியோரை வந்தடைந்திருக்கின்றன. ஆனால் செவிலியர் வந்துபோகும் சிறு நேரத்தைத் தவிர்த்த மற்றப் பொழுதெல்லாம் படுக்கையிலிருப்பவரைப் புரட்டிப் படுக்கவைப்பதும், கஞ்சி ஊட்டுவதும், துணி மாற்றுவதும் மனைவி, மகள், மருமகளின் வேலை. அதற்குக் கூலியில்லை, விடுப்பில்லை, பயிற்சியுமில்லை. தனித்து வாழும் முதியோருக்கு அந்தக் கைகளும் இல்லை. வீடு வீடாகச் செல்லும் தன்னார்வலர்களுக்கும் தொடக்கத்தில் தரப்பட்டது மாதம் 4,500 ரூபாய் ஊக்கத்தொகைதான், ஊதியம் அன்று.

பயிற்சி பெற்ற பராமரிப்பாளரை ஊராட்சிதோறும் முறையான ஊதியத்தில் அமர்த்துவதும், வீட்டில் பராமரிக்கும் பெண்ணுக்கு உதவித்தொகையும் ஓய்வும் தருவதும் அடுத்த கட்டமாக வேண்டும். உப்பளத்திலும் கடலிலும் காட்டிலும் உழைத்துத் தேய்ந்தவர்களுக்குத் தமிழ்நாடு செலுத்த வேண்டிய கடனில் பாதிதான் இதுவரை தீர்ந்திருக்கிறது.