நினைவகத் தோம்பைப் பார்க்கும் உரிமை

பிறர் வீட்டிற் புகுந்து பொருள் கவர்தல் குற்றம் என்பதை யாவரும் ஒப்புவர். அவ்வீடு எத்தெருவில், எந்த இலக்கத்தில் உள்ளது என்று விசாரிப்பதைக் குற்றமென்று கூறுவார் இலர். கணினியின் இயக்க முறைமைகளை வகுத்தோரும் நெடுங்காலம் இவ்வாறே எண்ணினர். ஒரு செய்நிரலின் நினைவகத்தைப் பிறர் படிக்காவண்ணம் கடுங்காவல் வைத்தனர்; அது நினைவகத்தில் எங்கே குடியிருக்கிறது என்னும் செய்தியை மட்டும் திறந்து விட்டனர். அச்செய்தியே கள்வனுக்குத் திறவுகோலாகும் என்பதை உணர்ந்து, வாயில்களை ஒவ்வொன்றாக அடைத்த வரலாற்றையே இன்று பேச எடுத்துக்கொண்டேன்.

செய்நிரலுக்கு நினைவகத்தில் இருவகை முகவரிகள் உண்டு. தன் கணக்கில் அது வைத்துக்கொள்ளும் முகவரி ஒன்று. அதன் தரவுகள் மெய்யாகவே கிடக்கும் இடம் மற்றொன்று. இவ்விரண்டையும் பிரித்து, நினைவகத்தைப் பக்கம் பக்கமாகப் பங்கிடும் முறையை மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் டொம் கில்பேர்ன் குழுவினர் 1962 இல் தொடக்கிவைக்கப்பட்ட அட்லஸ் கணினியிலே நடைமுறைப்படுத்தினர். எப்பக்கம் எங்கே என்ற பதிவேடு இயக்க முறைமையின் கையில் இருக்கும். ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேட்டைத் தோம்பு என்கிறோமே, அத்தகையது அது.

1984 இல் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த டொம் கிலியன், ஓடிக்கொண்டிருக்கும் செய்நிரல் ஒவ்வொன்றையும் ஒரு கோப்பாகக் காட்டும் முறையை யுனிக்ஸில் அமைத்தார். 1991 இல் பிறந்த லினக்ஸ் அக்கருத்தை மேலும் விரித்தது. அதில் ஒவ்வொரு செய்நிரலுக்கும் 'மாப்ஸ்' என்றொரு கோப்பு உண்டு. எப்பகுதி எம்முகவரியில் தொடங்கி எங்கே முடிகிறது என்பதை அது வரிவரியாகக் கூறும். அக்கணினியைப் பயன்படுத்தும் எவரும் அதனைப் படிக்கலாம் என்றே விட்டிருந்தனர்.

இதனால் விளையும் கேடு யாது? 1988 நவம்பர் 2 ஆம் நாள் இணையத்திற் பரவிய மொறிஸ் புழு, கொள்ளளவுக்கு மிஞ்சிய எழுத்துகளை ஒரு செய்நிரலுக்கு ஊட்டி, அதன் போக்கையே தன்வசம் திருப்பியது. இவ்வகைத் தாக்குதலைச் செய்வோன், எம்முகவரிக்குத் தாவச் செய்வது என்பதை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். ஆதலின் 2001 இல் பாக்ஸ் என்னும் திட்டத்தினர், செய்நிரல் ஓடத் தொடங்குந்தோறும் பகுதிகளின் முகவரியைக் குருட்டுவாக்கில் மாற்றிவைக்கும் உபாயத்தைக் கண்டனர். 2005 இல் லினக்ஸும் அதனை ஓரளவில் ஏற்றது. ஆயினும் மாப்ஸ் கோப்பு திறந்தே கிடந்தது. வீட்டை நாள்தோறும் இடம்மாற்றிவிட்டுப் புதிய இலக்கத்தைச் சந்தியிலே எழுதி வைத்ததை என்னென்பது! விரும்புவோர் அதனை மூடிக்கொள்ளலாம் என 2007 இல் வழிசெய்தனர். 2008 தொடக்கத்தில் அது பொது விதியாயிற்று. ஒரு செய்நிரலைப் பிழைதேடும் கருவியால் ஆராய உரிமை உடையோரே அதன் தோம்பைப் பார்க்கலாம் என்பது அவ்விதி. கோப்புப் பட்டியலில் இன்றும் அது எல்லோரும் படிக்கத்தக்கது என்றே குறிக்கப்பட்டிருக்கும். படிக்க முயன்றாற்றான் மறுப்பு வரும்.

மெய்யான இடத்தைக் காட்டும் 'பேஜ்மாப்' என்னும் மற்றொரு கோப்பின் கதையும் இத்தகையதே. நினைவகச் சில்லில் ஒரு வரிசையை ஓயாது தட்டினால் அயல் வரிசையின் இலக்கங்கள் புரளும் என்பதை 2014 இல் ஆய்வாளர் விரிவாகக் காட்டினர். எவ்வரிசை எதற்கு அயல் என்று அறிய இக்கோப்பு உதவுமென்பது 2015 மார்ச்சில் வெளியாயிற்று. உடனே அது நிருவாகி ஒழிந்த ஏனையோருக்கு அடைக்கப்பட்டது. நேர்மையான கருவிகள் சிலவும் அதனால் முடங்கவே, அதே ஆண்டில் மீண்டும் திறந்து, இடத்தின் எண்ணை மாத்திரம் சுழியாகக் காட்டினர். இது சாலச் சிறந்த தீர்வு என்பது என் கருத்து.

எனினும், கதவு என்றே எவரும் கருதாத ஒரு கதவு 2006 முதல் திறந்து கிடந்தது. பல செயலிகளைக் கொண்ட பெருங்கணினிகளில் ஒவ்வொரு செயலிக்கும் அண்மையில் ஒரு நினைவகப் பகுதி இருக்கும். பக்கங்களை ஒரு பகுதியிலிருந்து மற்றொரு பகுதிக்குக் கொண்டுசெல்ல 'மூவ் பேஜஸ்' என்னும் அழைப்பு அவ்வாண்டில் லினக்ஸில் சேர்க்கப்பட்டது. அதற்குரிய அனுமதி விதியைப் புதிதாக ஆக்காமல், ஒரு செய்நிரலுக்குக் குறிப்பாணை அனுப்புவதற்கான விதியையே ஏறக்குறைய அப்படியே பெயர்த்து வைத்தனர். நான் தொடக்கிய செய்நிரலை நிறுத்துமாறு நானே ஆணையிடலாம், அது நியாயம். பக்கத்தை இடம் நகர்த்தினாலும் உள்ளிருப்பது மாறாதே, ஆகையால் கேடில்லை என்று எண்ணினர் போலும்.

ஆனால், எங்கே கொண்டுசெல்வது என்று கூறாமல் அவ்வழைப்பை விடுத்தால், அது எதனையும் நகர்த்தாது. கேட்ட முகவரியிலுள்ள பக்கம் எப்பகுதியில் இருக்கிறது என்று மட்டும் விடை பகரும். அம்முகவரியில் ஒன்றுமில்லையெனின் வேறொரு பிழை எண்ணைத் தரும். ஆகவே முகவரிகளை வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனால், மூடிய தோம்பு முழுவதையும் வெளியிலிருந்தே வரைந்துவிடலாம். கடவுச்சொல்லை மாற்றும் செய்நிரல் போன்றவை, எளிய பயனாளர் ஏவினும் நிருவாகியின் அதிகாரத்தோடு ஓடுவன. அவற்றைத் தொடக்கியவன் அவன் என்பதனால், பழைய விதி அவனுக்கு இவ்விடையையும் தடையின்றி அளித்தது. செயலின் விளைவை மட்டும் எடைபோட்டு, அதன் விடையிலே கசியும் அறிவை எடைபோடாது விட்டதே பிழை.

பதினோராண்டுகள் கடந்து, 2017 ஓகஸ்ட் மாதத்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் தாமே இதனைத் திருத்தி, மாப்ஸ் கோப்புக்கு உரிய பிழைதேடும் உரிமை இதற்கும் வேண்டும் என்றாக்கினார். பக்கங்களை ஒட்டுமொத்தமாகப் பெயர்க்கும் மற்றொரு அழைப்பு, எந்த முகவரியைப் பற்றியும் விடை கூறுவதில்லை. ஆயினும் 2018 ஜனவரியில் வந்த வெளியீட்டில் அதுவும் இவ்விதியின் கீழ்க் கொண்டுவரப்பட்டது.