இரண்டு வளவுக்குள்ளும் போன எழுத்து: அம்பாறைக் கரையோரம் பற்றிய அயல்நாட்டார் பதிவுகள்

கல்முனை தொடங்கிப் பொத்துவில் வரை கடலோரமாக நீளும் தமிழ், முஸ்லிம் ஊர்களில் தங்கியிருந்து, அங்குள்ள அன்றாட வாழ்வை எழுதிய வெளிநாட்டார் மிகச் சிலர். இலங்கையில் நெடுங்காலம் வாழ்ந்து எழுதிய அயலார் என்றதும் நினைவுக்கு வரும் றொபேட் நொக்ஸ் 1660இல் கிழக்கே கொட்டியாரக் குடாவில்தான் பிடிபட்டார். ஆனால் ஏறக்குறைய 20 ஆண்டுகள் அவர் சிறையிருந்தது கண்டி இராச்சியத்தில். 1681இல் வெளிவந்த அவருடைய நூல் சொல்வதும் கண்டியின் கதையே. கிழக்குக் கரையின் தாய்வழிச் சமூகங்களை நூர் யால்மன் 1967இல் வெளியிட்ட தம் நூலில் தொட்டுச் சென்றார். விரிவான பதிவு அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரேயுடையது. 1969 முதல் 1971 வரை அக்கரைப்பற்றில் தங்கி வேலை தொடங்கிய அவர், 1974இல் சிக்காகோ பல்கலைக்கழகத்துக்கு ஆய்வேடு அளித்தார். பிறகும் பலமுறை திரும்பி வந்தார். அவருடைய பெருநூலான 'குருசிபிள் ஒவ் கொன்ஃபிளிக்ட்' 2008இல் வெளியானது. தலைப்பின் முதற் சொல், தட்டார் பொன் உருக்கும் மூசையைக் குறிப்பது. இந்த ஊர்களுக்கு அது பொருந்தாத பெயரல்ல.

இப்பதிவுகளின் மதிப்பு எழுதியவர் வெள்ளைக்காரர் என்பதாலோ, பெரிய பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர் என்பதாலோ வந்ததன்று. வேலியின் இரண்டு பக்கத்து வளவுகளுக்குள்ளும் ஒரே கேள்வியோடு போக அவரால் முடிந்தது என்பதே அதன் காரணம். காரைதீவுத் தமிழருக்குத் தம் குடி தெரியும், நிந்தவூர் முஸ்லிமுக்கும் தம் குடி தெரியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் தேவை இருவருக்கும் வந்ததில்லை. அப்படி வைத்துப் பார்த்தபோது தெரிந்தது இது. இரு சமூகத்திலும் பிள்ளை தாயின் குடியைச் சேரும். ஒரே குடிக்குள் கலியாணம் கூடாது. மச்சான் மச்சாள் முறையில் செய்யலாம். மகளுக்குக் கலியாணம் என்றால் வீடு கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். அடுத்த மகளுக்கு அடுத்த வீடு. பெற்றார் பக்கத்திலேயே சின்னதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு ஒதுங்குவர். இதனால் அக்காள் தங்கைகளின் வீடுகள் ஒரே வளவில் அடுத்தடுத்து நிற்கும், ஆண்பிள்ளைகள் வேறு வளவுகளுக்குப் போய்விடுவர். கோயிலை நிருவகிக்கும் வண்ணக்கர் பதவி குடிவழி போவதுபோல, பள்ளிவாசலில் மரைக்காயர்மாரும் குடிக்கு ஒருவராக அமர்ந்தனர். இஸ்லாமியச் சட்டம் சொத்தைப் பங்கு பிரிக்கும்போது ஆணுக்கு இரட்டிப்புப் பங்கு வைக்கிறதே, இது எப்படி நடந்தது என்று கேட்கலாம். வீட்டைத் தகப்பன் உயிரோடு இருக்கும்போதே மகளுக்குக் கொடுத்துவிடுவதால், அவருடைய மௌத்துக்குப் பிறகு பிரிக்கிற பங்கில் அந்த வீடு வருவதேயில்லை. சட்டத்தை மீறாமலே வழக்கத்தைக் காத்த ஏற்பாடு அது.

இந்த ஒப்பீடு ஏன் முக்கியமானது என்பதைக் கொழும்பில் நடந்த பழைய வாதமொன்று காட்டும். 1888இல் பொன்னம்பலம் இராமநாதன், சோனகர் எனப்படும் இலங்கை முஸ்லிம்கள் இனத்தால் தமிழரே என்று வாதிட்டார். 1907இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் அதை மறுத்து அரபு வழியை நிறுவ முயன்றார். மொழி, தோற்றம், வம்சம் எல்லாம் அந்த வாதத்தில் வந்தன. கிழக்கு மாகாணத்து வீடு யாருடைய பெயரில் இருக்கிறது என்ற சின்னக் கேள்வி வரவில்லை. அது வந்திருந்தால் இருவருடைய முடிவும் இடறியிருக்கும். உறவுமுறையில் இவ்வளவு ஒற்றுமை இருப்பதால் தூய அரபு வம்சக் கதை இங்கே நிற்காது. உறவுமுறை ஒன்றாயிருந்தும் இரு சாராரும் தம்மை ஒரே இனமாக எண்ணாததால் இராமநாதனின் வாதமும் நிற்காது.

அயலார் பதிவுகளுக்கு இவ்வளவு மதிப்புக் கொடுப்பதற்கு எழும் முதல் மறுப்பு நியாயமானது: உள்ளூரில் இதை யாரும் எழுதவில்லையா? எழுதினார்கள். முக்குவர் வாரிசுரிமை வழக்கங்களைக் கிறிஸ்தோபர் பிறிற்றோ 1876இலேயே அச்சேற்றினார். எஸ். ஓ. கனகரத்தினம் 1921இல் மட்டக்களப்பு மாவட்டம் பற்றித் தனிநூல் எழுதினார். எஃப். எக்ஸ். சி. நடராசா 1962இல் 'மட்டக்களப்பு மான்மிய'த்தைப் பதிப்பித்தார், வி. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' 1964இல் வந்தது. இவை இல்லாமல் எந்த அயலாரும் ஓரடி நகர்ந்திருக்க முடியாது. ஆனால் பிறிற்றோ சட்டத்தை எழுதினார், மான்மியம் கோயில் உரிமையையும் குடி வரிசையையும் சொன்னது, கந்தையா தமிழரின் பண்பாட்டைப் போற்றினார். ஒவ்வொன்றும் ஒரு வளவுக்குள் நின்று எழுதிய எழுத்து. அந்தந்த வேலைக்கு அது போதுமானதாகவும் இருந்தது. வயலில் நிலச் சொந்தக்காரரான போடியாரும் வேலை செய்யும் முல்லைக்காரரும் மதம் பாராமல் ஒன்றாக நின்ற ஊர்களில் ஒருவர் வழக்கம் மற்றவருக்குத் தெரியாமலில்லை. தெரிந்தது ஏட்டில் ஏறவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது மறுப்பு கூர்மையானது. வீடு பெண்ணுடையது என்று எழுதுவது வெளிநாட்டாருக்கு இனிக்கும், உள்ளே பெண்ணுக்கு என்ன அதிகாரம் இருக்கிறது என்பது. காஞ்சனா ருவன்புர 2006இல் வெளியிட்ட நூலில் கிழக்கின் பெண் தலைமைக் குடும்பங்களை ஆராய்ந்து, தாய்வழி மரபுக்குள்ளேயும் ஆணாதிக்கம் தடையின்றி நடக்கிறது என்று காட்டினார். அது சரியே. வயற்காணியிலும் பள்ளிவாசல் நிருவாகத்திலும் கோயில் முதன்மையிலும் ஆணின் கையே ஓங்கியிருந்தது. சீதன வீடு கட்டும் பாரம் தகப்பனையும் அண்ணன் தம்பிமாரையும் கடனிலும், பிற்காலத்தில் மத்திய கிழக்கிலும் கொண்டுபோய் விட்டது. மகளையேகூடப் பணிப்பெண்ணாக அனுப்பியது. ஆனாலும் பெண் தன் தாய் வீட்டுக்குப் பக்கத்தில், தன் வீட்டில் இருக்கிறாள் என்பது சின்ன விடயமன்று. அதன் பெறுமதி 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு எல்லாருக்கும் தெரிந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு எனக் கரையோர வீட்டு வரிசைகளே அழிந்தன. நிவாரணப் படிவங்கள் 'குடும்பத் தலைவர்' யார் என்று கேட்டன. எழுதப்பட்டது பெரும்பாலும் ஆணின் பெயர். இரண்டு மூன்று குமர்ப்பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குக் கிடைத்தது ஒரு வீடு. அந்தக் குடும்பங்கள் சீதன வீட்டுக்காக என்ன பாடுபட்டன என்பதை மெக்கில்வ்ரேயும் பற்றிசியா லோறன்ஸும் 2010இல் எழுதினர். முன்பு எழுதிவைத்த உறவுமுறைக் குறிப்புகளை அதிகாரிகள் படித்திருந்தால் படிவம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

மூன்றாவது மறுப்பு, இந்த எழுத்து சமாதானக் காலத்துப் படத்தை உறைய வைத்துவிட்டது என்பது. 1985 ஏப்ரலில் காரைதீவில் தமிழ், முஸ்லிம் மோதல் வெடித்தது; 1990இல் கிழக்கெங்கும் இரத்தம் ஓடியது. குடியும் மச்சான் முறையும் அதைத் தடுக்கவில்லை. ஒத்த வழக்கம் உள்ளவர்கள் ஒத்துப் போவார்கள் என்ற நல்லெண்ண வாதம் இங்கே தோற்றது, அதை மெக்கில்வ்ரேயின் நூல் மறைக்கவில்லை. போர்க்காலத்தை எழுதியவர்கள் வேறு சிலர்: காளி கோயில்களில் வாக்குச் சொல்லும் பெண்களிடம் காணாமற்போனோரைத் தேடிச் சென்ற தாய்மாரைப் பற்றி லோறன்ஸ் எழுதினார், மட்டக்களப்புப் பிள்ளைகளின் விளையாட்டையும் போரையும் மார்கரெட் ட்ராவிக் 2007இல் நூலாக்கினார்.

உண்மையான குறை வேறு. உறவுமுறை, சாதி, சடங்கு என்ற கேள்விகள் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவை. ஆகவே ஊரார் பேசும் பல விடயங்கள் ஓரத்துக்குப் போயின. சாப்பாட்டிலும் உடம்பிலும் சூடு, குளிர் பார்க்கும் பழக்கத்தை 1998இல் மெக்கில்வ்ரேயின் சிறுநூல் ஒன்று நன்றாகப் பிடித்தது. காரைதீவு கண்ணகி அம்மன் சடங்கின் முடிவுக்குக் குளிர்த்தி என்று பெயர் இருப்பதன் பொருளும் அதைப் படித்தால் துலங்கும். கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஆண்டகையின் பெயரால் ஏறும் கொடியும் இந்த எழுத்தில் இடம்பெற்றது. கரைவலைக்காரரின் பேச்சும் மருதமுனைத் தறிகளும் அவ்வளவு பேறு பெறவில்லை.

இனி இந்த வேலைக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் வரக் காத்திருக்கத் தேவையில்லை. விபுலானந்தர் பிறந்த காரைதீவில் ஒருவரும், மாளிகைக்காட்டிலோ நிந்தவூரிலோ ஒருவரும் சேர்ந்து, குடிப்பெயர் மறவாத மூத்தம்மாமாரும் அம்மம்மாமாரும் இருக்கும்போதே, இரண்டு ஊரையும் ஒரே கொப்பியில் எழுதத் தொடங்கட்டும்.