உதகமண்டலம்: ஒரு மலைநகரின் வேளாண் வரலாறு

உதகமண்டலம் நீலகிரி மாவட்டத்தின் தலைநகரம். பேச்சு வழக்கில் உதகை, ஊட்டி. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 11 பாகையில், வெப்பமண்டலத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் டிசம்பர், ஜனவரி மாதங்களில் இங்கே உறைபனி விழுகிறது. உருளைக்கிழங்கு, கேரட், பீட்ரூட், முட்டைகோஸ், பூண்டு ஆகியவை இந்தக் குளிரில்தான் செழிக்கின்றன. இந்நகரின் வரலாற்றை ஆங்கிலேய அதிகாரி ஜான் சலிவனிலிருந்து தொடங்குவது வழக்கமாகிவிட்டது. 2022இல் தொடங்கிய 'ஊட்டி 200' கொண்டாட்டமும் அந்தக் கணக்கையே பின்பற்றியது. கட்டடங்களின் வயதைக் கணக்கிட அது பொருந்தும். ஆனால் உதகையை இன்றுவரை வாழவைப்பதில் பெரும்பங்கு வேளாண்மைக்கு உண்டு. அதன் வேர் 1822க்கு வெகுகாலம் முந்தியது. நகரின் மரபுச் செல்வத்தைப் பங்களாக்களில் மட்டுமல்லாமல் வயல்களிலும் தேட வேண்டும் என்பதற்குச் சான்றுகள் உள்ளன.

1603இல் மலபார்க் கரையிலிருந்து மலையேறிய இயேசு சபைக் குரு ஜியாகோமோ பெனிசியோ, மலைமேல் தோடர்களையும் படகர்களையும் சந்தித்து எழுதிவைத்தார். படகர் ஊரில் ஆடு, மாடு, கோழி, கடுகு, பூண்டு, தேன் இருந்ததை அவர் பதிவு செய்திருக்கிறார். சலிவன் வருவதற்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே இங்கே குடியான வாழ்க்கை ஊன்றியிருந்தது என்பதற்கு இது நேரடிச் சான்று. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கக் குறிப்புகள் சாமை, ராகி, பார்லி, கோதுமை ஆகியவற்றைச் சொல்கின்றன. தோடர் எருமை மேய்த்தனர். கோத்தர் இரும்பு அடித்து, மண்பாண்டம் வனைந்து, இசைக்கருவி வாசித்தனர். படகர் உழுதனர். குறும்பர் காட்டுப் பொருள்களைக் கொண்டுவந்தனர். படகர் நிலத்தில் இறங்கிய கொத்தும் அரிவாளும் கோத்தர் கொல்லுலையில் உருவானவை. அவற்றுக்கு ஈடாகத் தானியம் கொல்லன் வீட்டுக்குச் சென்றது. இந்தக் கொடுக்கல் வாங்கலைச் சமத்துவத்தின் பொற்காலமாகச் சித்திரிப்பது தவறு. அதற்குள் மேல், கீழ் என்ற பார்வை இருந்தது. கோத்தர் அதன் சுமையைத் தாங்கினர். ஆனால் உறைபனி, சரிவு நிலம், கனமழை ஆகிய மூன்றுக்கும் நடுவே பயிர் எடுக்கும் அறிவு இந்த ஏற்பாட்டுக்குள்தான் சேர்ந்தது என்பதை மறுக்க முடியாது.

கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த சலிவன் 1819இல் நீலகிரிக்கு வந்தார். முதலில் கோத்தகிரிப் பக்கம் தங்கினார். பிறகு உதகையில் தோடர்களிடம் நிலம் வாங்கிக் கல்வீடு கட்டினார். அதுவே இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் நிற்கும் கட்டடம். ஏரியை வெட்டுவித்தவரும், ஐரோப்பிய விதைகளைத் தருவித்தவரும், உருளைக்கிழங்கைப் பரப்பியவரும் அவரே. 1840களில் ஐரோப்பியக் குடியிருப்போர் மாதச் சந்தா கட்டிக் காய்கறி பெற ஒரு தோட்டம் தொடங்கினர். 1848இல் வில்லியம் கிரகாம் மெக்கைவர் பொறுப்பேற்றபின் அது அரசு தாவரவியல் பூங்காவாக வளர்ந்தது. எனவே, விதையும் சாலையும் சந்தையும் வெள்ளையர் தந்தவை, உதகை வேளாண்மையே அவர்களுடைய படைப்பு என்று ஒருவர் வாதிடலாம். விதை அவர்களால் வந்தது உண்மை. 1908இல் உதகையை எட்டிய மலை இரயிலின் பயனும் பெரிது. ஆனால் சந்தாதாரர் தோட்டம் சில வீடுகளின் சமையலறைக்கே போதும். மலைச்சரிவு முழுவதும் உருளை விளைந்தது குடியானவர்கள் அதைத் தங்கள் பயிராக ஏற்றதால்தான். படகர் வீட்டு 'அவரெ உதக்க' குழம்பைப் பாருங்கள்: அவரையுடன் உருளைக்கிழங்கும் சேர்ந்துதான் அது உருவாகிறது. வந்த பயிர் விருந்துச் சமையலுக்குள் நுழைந்துவிட்டால், அதை அந்நியப் பயிர் என்று ஒதுக்குவதற்கு இடமில்லை.

உழைப்பவரிடம் சந்தையின் பிடி இல்லாவிட்டால் விளைச்சல் கைக்கு எட்டாது. 1935இல் தொடங்கிய நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கம் அந்தப் பிடியை விவசாயிகள் கைக்குக் கொண்டுவர முயன்றது. அதற்கு நெடுங்காலம் தலைமை தாங்கிய எச். பி. ஆரி கவுடர் படகர் சமூகத்தின் முதல் பட்டதாரியாகக் குறிப்பிடப்படுபவர். மேட்டுப்பாளையம் ஏல மண்டிக்கு மூட்டை மூட்டையாகக் கிழங்கு இறங்கிய காலம் அது. 1961இல் வேர்களைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு உதகைப் பகுதி வயலில் கண்டறியப்பட்டது. அதன் முட்டைக்கூடு மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். அதனால் விதைக்கிழங்கை வெளியே அனுப்பத் தடை வந்தது. 1957இல் முத்தொரையில் அமைந்த ஆய்வு நிலையம் பின்னர் நோய் தாங்கும் குஃப்ரி ஸ்வர்ணா இரகத்தை 1985இல் தந்தது. பலர் இதற்கிடையே தேயிலைக்கு மாறினர். 1990களின் இறுதியில் பச்சைத் தேயிலை விலை சரிந்தபோது தவித்தனர். கேரட்டில் நின்றவர்கள் மண்ணோடு பறித்ததைச் சுழலும் உருளை இயந்திரத்தில் கழுவி, தரம் பிரித்து, இரவோடு இரவாக லாரியில் ஏற்றுகிறார்கள். மறுநாள் அது சென்னைக் கோயம்பேட்டில் இறங்கி, கோட்டூர்புரத்துக் கடையில் 'ஊட்டி கேரட்' என்று தனி விலையில் அமர்கிறது.

மிகக் கனமான ஆட்சேபம் சூழலைப் பற்றியது. சோலைக்காடும் புல்வெளியும்தான் நீலகிரியின் ஆதி வடிவம். விவசாயம் அதைத் தின்றுவிட்டது, அதைப் போய் மரபு என்று போற்றலாமா என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. செங்குத்துச் சரிவை உழுதால் மண் ஓடுகிறது. பூச்சிமருந்து ஓடையில் கலக்கிறது. தோடர்களின் மேய்ச்சல் நிலம் நகராகவும் வயலாகவும் மாறியது இந்த வரலாற்றின் முதல் இழப்பு. அதைச் சொல்லாத மரபுக் கதை முழுமை பெறாது. ஆயினும் புல்வெளியின் பெரும்பகுதியை மூடியவை சீகையும் யூக்கலிப்டஸும். அவற்றை நட்டதில் அரசுக்கே பெரும்பங்கு. பழியைச் சிறு விவசாயி மேல் மட்டும் போடுவது பொருந்தாது. ஒன்றை மரபு என்று ஏற்பது அதை அப்படியே தொடரச் சொல்வதாகாது. அதன் தவறுகளையும் சேர்த்துப் பதிவு செய்தால்தான் எதைக் காக்கலாம், எதை மாற்றலாம் என்று தெரியும்.

இதுவரை உதகையின் மரபுப் பட்டியலில் கல்வீடு, தேவாலயம், பூங்கா ஆகியவை இடம்பெற்றுவிட்டன; மலை இரயிலுக்கு 2005இல் யுனெஸ்கோ ஏற்பு கிடைத்தது; தோடர் பூத்தையலுக்கு 2013இல் புவிசார் குறியீடு வந்தது. வயலுக்கு இணையான இடம் இன்னும் கிடைக்கவில்லை. மலைச்சாமை, மலைப்பார்லி போன்ற பழைய பயிர்களின் விதையையும், அவற்றை விதைக்கும் பருவம் அறிந்த முதியோரின் பேச்சையும் சேர்த்துவைக்கும் பணியை வேளாண் துறையும் பல்கலைக்கழகங்களும் உடனே கையில் எடுக்க வேண்டும். கட்டடத்தைப் பழுது பார்க்கலாம். விதைத்தவர் மறைந்தபின் விதையறிவை மீட்க வழியில்லை.