காவக்கூலியும் ரோந்து ஜீப்பும்

போன வருஷம் தை மாதம், சம்பா அறுப்பு மும்முரமாக நடந்த நேரம். எங்கள் ஊர்ப் பக்கம், மன்னார்குடி போகும் சாலையில், களத்து வேலை முடித்துச் சைக்கிளில் திரும்பிய ஒரு விவசாயக் கூலித் தொழிலாளியை ஏதோ ஒரு வண்டி அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டது. இரவு எட்டு மணி இருக்கும். பகலில் சாலையில் காயப் போட்ட நெல்லைக் குவித்து, தார்ப்பாய் மூடி, சுற்றிலும் கல் வைத்திருந்தார்கள். சைக்கிளில் விளக்கு இல்லை. டீக்கடையில் இருந்தவர்கள்தான் முதலில் ஓடிப்போய்த் தூக்கினார்கள். 108 வந்தது. பின்னாலேயே நெடுஞ்சாலை ரோந்து ஜீப்பும் வந்தது. நின்றுபோன வண்டிகளை ஒழுங்குபடுத்தி அனுப்பினார்கள், டார்ச் அடித்து இடத்தை அளந்தார்கள், பார்த்தவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டார்கள். ஆள் பிழைக்கவில்லை.

மறுநாள் துக்க வீட்டுப் பந்தலில் ஒரு பெரியவர் சொன்னார்: "இப்ப ஜீப்பு வருது, எழுதிக்கிட்டுப் போவுது. எங்க தாத்தா காலத்துல காவக்காரன் வருவான், குடுத்துட்டுப் போவான்னு சொல்லுவாங்க."

யாரும் பதில் சொல்லவில்லை. எனக்கு அந்தப் பேச்சு மனதில் நின்றுவிட்டது. அது வெறும் பழங்காலப் பெருமையா, இல்லை அதில் ஏதாவது விஷயம் இருக்கிறதா? சில மாதங்களாகத் தேடிப் படித்ததில் கிடைத்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

வழியும் காவலும்

வழிக்குக் காவல் போடுவது இங்கே புதுசு இல்லை. மிளகு மூட்டை சுமந்த கழுதைகளோடு வணிகச் சாத்துகள் போகும் பெருவழியையும், அங்கே சுங்கம் வாங்குவதையும், வில்லோடு காவல் நிற்பவர்களையும் பெரும்பாணாற்றுப்படை பேசுகிறது. சுங்கமும் காவலும் ஒரே இடத்தில் இருப்பதைக் கவனியுங்கள். இன்றைக்கும் டோல்கேட் வைத்திருக்கும் தேசிய நெடுஞ்சாலையில் 1033-க்கு போன் போட்டால் ரோந்து வண்டியும் கிரேனும் வர வேண்டும் என்பதுதானே ஏற்பாடு?

சோழர் கல்வெட்டுகளில் 'பாடிகாவல்' என்ற சொல் திரும்பத் திரும்ப வரும். பாடி என்றால் குடியிருப்பு. அதைக் காப்பதற்காக ஊர் கொடுத்த வரி அது. சோழ அரசு தளர்ந்த பிற்காலத்தில் இந்தப் பாடிகாவல் உரிமை அந்தந்த வட்டாரத் தலைவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தது. காவல் என்பது வேலையாக மட்டும் இல்லாமல், வருமானம் தரும் ஓர் உரிமையாகவும் ஆன கதை அங்கே தொடங்குகிறது.

களத்தில் அளந்த கூலி

நாயக்கர், மராட்டியர் காலத்துக்கு வந்தால் படம் இன்னும் தெளிவாகிறது. ஊருக்கு ஒரு தலையாரி. அவருக்கு மேலே, பல ஊர்களுக்கும் வழிகளுக்கும் சேர்த்துக் காவல் பார்த்தவர்கள் காவல்காரர்கள். தஞ்சாவூருக்குத் தெற்கிலும் மேற்கிலும் உள்ள கள்ளர் நாடுகளில் இது பெரும்பாலும் கள்ளர் குடும்பங்களின் பரம்பரை உரிமை. மற்ற பகுதிகளில் வேறு சாதியினர் பார்த்தார்கள். கூலி பணமாக இல்லை. அறுப்பு முடிந்து நெல் தூற்றியதும், மேல்வாரம் குடிவாரம் பிரிக்கிற அதே களத்தில், தச்சர், கொல்லர், வண்ணார், வெட்டியான் பங்கோடு சேர்த்துக் காவல்காரர் பங்கையும் அளந்து போடுவார்கள். அதுதான் காவக்கூலி.

கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி பற்றி 1812-ல் லண்டன் பாராளுமன்றத்துக்குப் போன 'ஐந்தாம் அறிக்கை', ஒரு ஊரில் யார் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று பட்டியல் போடுகிறது. அதில் தலையாரிக்குச் சொல்லியிருக்கும் வேலை இரண்டு. குற்றம் நடந்தால் துப்பு அறிவது ஒன்று. வழிப்போக்கர்களை ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊர் வரை துணையாகக் கொண்டுபோய் விடுவது இன்னொன்று. இதை நான் இரண்டு மூன்று தடவை படித்தேன். நம்முடைய நெடுஞ்சாலை ரோந்துக்கு இதைவிடப் பக்கத்துச் சொந்தம் கிடைக்காது. ஜீப் கிடையாது, வயர்லெஸ் கிடையாது. ஆனால் ஒவ்வொரு அடி வழிக்கும் பொறுப்பாளி என்று ஒரு ஆள் இருந்தார்.

அந்த ஏற்பாட்டின் உயிர்நாடி இனிமேல்தான் வருகிறது. காவல் எல்லைக்குள் களவு போனால், காவல்காரர் பொருளைக் கண்டுபிடித்துத் தர வேண்டும். முடியாவிட்டால் அதன் மதிப்பைத் தன் கையிலிருந்து ஈடுகட்ட வேண்டும். கூலி வாங்கியவனே நஷ்டத்துக்கும் பொறுப்பு. பெரியவர் சொன்ன "குடுத்துட்டுப் போவான்" என்பது இதைத்தான்.

சத்திரம் பார்த்த மீதி வேலை

பொருளுக்குக் காவல்காரர் பொறுப்பு. வழியில் நோயில் விழுந்தால்? அதற்குச் சத்திரம் இருந்தது. காசியிலிருந்து ராமேஸ்வரம் போகிறவர்கள் தஞ்சாவூர் வழியாகத்தான் நடந்தார்கள். அந்தப் பாதை நெடுக மராட்டிய மன்னர்கள் சத்திரம் கட்டினார்கள். நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம், ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி 1802 வாக்கில் எழுப்பிய முக்தாம்பாள் சத்திரம் என்று வரிசையாகச் சொல்லலாம். ஒரத்தநாட்டுக்கு முக்தாம்பாள்புரம் என்றே பெயர் இருந்தது.

கம்பெனி இந்தச் சத்திரங்களில் கை வைத்துவிடுமோ என்ற கவலையில், சரபோஜி 1801-ல் தஞ்சாவூர் ரெசிடெண்ட் டோரினுக்கு ஒரு கடிதம் எழுதினார். சத்திரத்தில் என்னென்ன நடக்கிறது என்று அதில் விவரமாகச் சொல்கிறார். நேரங்கழித்து வருகிறவர்களுக்காக நள்ளிரவில் மணி அடித்துச் சோறு போடுவது, நோயாளிக்கு மருந்தும் வைத்தியமும் பார்ப்பது, கர்ப்பிணிகளுக்குப் பிரசவம் பார்ப்பது, வழியில் இறந்தவர்களுக்கு அவரவர் முறைப்படி இறுதிக் காரியம் செய்வது. ஆதரவற்ற குழந்தைகளைப் படிக்க வைப்பது பற்றியும் எழுதியிருக்கிறார். இன்றைய 108, அவசர சிகிச்சை, பிணவறை மூன்றையும் ஒரே கட்டடத்தில் வைத்து நடத்திய மாதிரிதான்.

பொறுப்பு கழன்ற கதை

1799 ஒப்பந்தத்தில் தஞ்சாவூர் நாட்டு நிர்வாகம் கம்பெனி கைக்குப் போனது. சரபோஜிக்குக் கோட்டையும் ஓய்வூதியமும் மிஞ்சின. கம்பெனிக்குக் காவல் முறை கண்ணை உறுத்தியது. ஆயுதம் வைத்திருக்கும் தனியார், வரி மாதிரி கூலி வாங்கும் தனியார். இரண்டையும் எந்த அரசும் விட்டுவைக்காது. 1802-ல் தாரோகா முறை என்ற ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அது சரிப்படவில்லை. 1816-ன் 11-ஆம் ஒழுங்குவிதி போலீஸ் வேலையைக் கலெக்டரிடம் கொடுத்தது. அவருக்குக் கீழே தாசில்தார், ஊரில் மணியக்காரரும் தலையாரியும்.

வரி வசூலிக்கிறவரும் போலீஸும் ஒரே ஆள் ஆனதன் விளைவு 1855-ல் வெளிவந்த சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் கமிஷன் அறிக்கையில் பக்கம் பக்கமாக இருக்கிறது. அதன் பிறகுதான் 1859-ன் 24-ஆம் சட்டம் வந்தது. சம்பளம், சீருடை, இன்ஸ்பெக்டர், கான்ஸ்டபிள் என்று இன்று நாம் பார்க்கும் போலீஸ் உருவானது. மூன்றே வருஷத்தில், 1862-ல், நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்கு ரயிலும் ஓடத் தொடங்கியது. யாத்திரிகர்கள் ரயில் ஏறினார்கள். சத்திரத்து வாசல்களில் கூட்டம் குறைந்தது.

புதிய போலீஸ் பல விஷயங்களில் மேல்தான். ஆனால் மாற்றத்தில் ஒன்று சத்தமில்லாமல் தொலைந்துபோனது. கான்ஸ்டபிள் திருடனைப் பிடிப்பார், கோர்ட்டில் நிறுத்துவார். பொருள் கிடைக்காவிட்டால்? அது உங்கள் பாடு. காவல் அரசின் கைக்குப் போனது. ஈடுகட்டும் பொறுப்பு மட்டும் கூடவே போகவில்லை.

பழைய முறையும் பொன்னானது இல்லை

இத்தோடு நிறுத்தினால் பெரியவர் சொன்னதே முழு உண்மை என்று ஆகிவிடும். அப்படி இல்லை. கூலி கொடுக்க மறுத்த ஊரில் மாடு காணாமல் போவது சகஜம். 'துப்புக்கூலி' என்று ஒன்று உண்டு. மாட்டைப் பறிகொடுத்தவர், அதன் விலையில் ஒரு பங்கைத் துப்புச் சொல்கிறவரிடம் கொடுத்தால், மாடு எங்கேயோ ஒரு மரத்தடியில் கட்டியிருக்கும். காவலுக்கும் மிரட்டலுக்கும் நடுவில் இருந்த கோடு அழிந்துபோன இடங்கள் நிறைய.

இதற்கு நல்ல உதாரணம் நம் டெல்டாவில் இல்லை, பக்கத்து மதுரை ஜில்லாவில் இருக்கிறது. 1896-ல் திண்டுக்கல் வட்டாரத்து விவசாயிகள், அம்மையப்பக் கோன் என்பவர் தலைமையில், இனி காவக்கூலி தரமாட்டோம் என்று கூட்டம் போட்டுச் சபதம் எடுத்தார்கள். ஆபத்து என்றால் கொம்பு ஊதி ஆள் திரட்டினார்கள். கூடவே ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு ஒரு பொதுப் பணம் சேர்த்தார்கள். யாருக்காவது மாடு களவு போனால் அதிலிருந்து ஈடு கொடுக்க. 'ஃபண்ட்' என்ற ஆங்கிலச் சொல் மக்கள் வாயில் 'பண்டு' ஆகி, அந்த இயக்கத்துக்கே அதுதான் பெயர் ஆனது. காவல்காரரை வேண்டாம் என்றவர்களும் ஈடு வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுதான் இதில் முக்கியம்.

பண்டு இயக்கம் பல இடங்களில் வன்முறையாகவும் போனது. வேலையை இழந்தவர்களுக்கு மாற்று வழி எதையும் அரசு காட்டவில்லை. காட்டியது 1911-ன் குற்றப் பரம்பரைச் சட்டத்தை. மதுரைப் பக்கத்துப் பிரமலைக் கள்ளர்களை அதில் சேர்த்தார்கள். ஒரு காலத்தில் இரவெல்லாம் ஊரைக் காத்தவர்களின் பேரப் பிள்ளைகள், இரவில் போலீஸ் கண்காணிப்பில் படுத்துத் தூங்க வேண்டி வந்தது. 1947-ல்தான் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது.

எழுதிக்கிட்டுப் போவுது

இப்போது ஜீப்புக்கு வருவோம். இன்றைக்கு நம் சாலையில் வழிப்பறியைவிடப் பெரிய பயம் விபத்துதான். ரோந்து வண்டிக்காரர்களிடம் பேசிப் பார்த்தால் தெரியும், அவர்கள் வேலையில் பாதி திருடன் போலீஸ் விளையாட்டே இல்லை. ரிஃப்ளெக்டர் இல்லாத டிராக்டர் டிரெய்லரை நிறுத்தி ஸ்டிக்கர் ஒட்டுவது, ஆவணியில் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களை ஓரமாகப் போகச் சொல்வது, கொள்முதல் நிலையத்தில் இடமில்லாமல் சாலையில் நெல்லைக் கொட்டியிருக்கும் விவசாயியிடம் கெஞ்சுவதும் அதட்டுவதும். "அள்ளுங்கன்னு சொல்றோம். எங்க கொண்டு போய்க் கொட்டுறதுன்னு கேட்டா எங்ககிட்ட பதில் இல்ல சார்" என்றார் ஒருவர்.

ஈடுகட்டும் பொறுப்பு? அது சுற்றி வளைத்துத் திரும்பி வந்திருக்கிறது. அடித்த வண்டி தெரிந்தால் இன்சூரன்ஸ், விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். வண்டியே தெரியாமல் ஓடிப்போனால் அதற்கென்று மத்திய அரசின் திட்டம் ஒன்று உண்டு. முன்பு உயிரிழப்புக்கு 25,000 ரூபாய். 2022 ஏப்ரல் 1 முதல் 2 லட்சம், படுகாயத்துக்கு 50,000. கோட்டாட்சியரோ தாசில்தாரோ விசாரிப்பார், கலெக்டர் உத்தரவு போடுவார். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் விபத்துக்குப் பிறகு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் இலவசம். நல்லெண்ணத்தோடு தூக்கிக்கொண்டு ஓடிய டீக்கடைக்காரர் மீது, உதவி செய்ததற்காக சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ வராது என்று 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 134ஏ பிரிவில் சொல்கிறது. சத்திரமும் காவல்காரரும் பண்டும் துண்டு துண்டாக, வேறு வேறு பெயரில் இருக்கிறார்கள்.

ஆனால் ஒரு வித்தியாசம். அன்று ஈடு வாங்க எந்த ஆளிடம் போய் நிற்க வேண்டும் என்று ஊருக்கே தெரியும். இன்று அந்த மனுவை எங்கே கொடுப்பது என்று அந்தத் துக்க வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. இப்படி ஒரு திட்டம் இருப்பதே தெரியவில்லை. எனக்கும் தெரியாது, இந்தக் கட்டுரைக்காகப் படித்தபோதுதான் தெரிந்துகொண்டேன். தெரிந்ததும் முதல் வேலையாக அந்த வீட்டுக்குப் போனேன்.

மனுவோடு வைக்க வேண்டிய காகிதங்களில் முக்கியமானது முதல் தகவல் அறிக்கையின் நகல். எந்த இடம், எந்த நேரம், வண்டி அடையாளம் தெரியவில்லை என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். புகார் கொடுத்தவருக்கு அந்த நகலை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். அந்த இரவில் டார்ச் வெளிச்சத்தில் ஜீப்புக்காரர்கள் எழுதிக்கொண்டார்களே, அதிலிருந்து வந்த காகிதம்தான். அந்த அம்மா அதை ஒரு மஞ்சள் பைக்குள் வைத்திருந்தார்கள், ரேஷன் கார்டோடு. எதற்கு என்று தெரியாமலே பத்திரமாக வைத்திருந்தார்கள்.

மனு கொடுத்தாயிற்று. இன்னும் பணம் வரவில்லை, விசாரணையில் இருக்கிறது. பெரியவரைப் போன வாரம் பார்த்தேன். நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப எழுதிக்கிட்டுப் போனது வீண் இல்லங்கிற" என்றார். பிறகு, "வந்தப்புறம் சொல்லு" என்றார்.

உங்கள் ஊரில் இப்படி வண்டி தெரியாமல் யாராவது அடிபட்டிருந்தால், அந்த வீட்டில் மஞ்சள் பைக்குள் ஒரு காகிதம் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.