தமிழ் அச்சு நூல்களைக் கணினிப் பட்டியலுக்கு ஆயத்தப்படுத்துதல்: ஆண்டு, பெயர், கட்டடம், எழுத்து

ஆய்வுச் சுருக்கம்

நூலகத் தொகுப்பு ஒன்றைக் கணினிப் பட்டியலுக்கு ஆயத்தப்படுத்தும் பணி பெரும்பாலும் தரவு உள்ளீடாகவே கருதப்படுகிறது. பழைய தமிழ் அச்சு நூல்களைப் பொறுத்தவரை, அப்பணி பதிப்பாய்வுக்கு நிகரான முடிவுகளைக் கோருகிறது என்பதையும், அம்முடிவுகள் பதிவில் வெளிப்படையாக இடம்பெறாதபோது அச்சு வரலாற்று ஆய்வே பிழைபட நேரும் என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: நூற்பட்டியல், மார்க் வடிவம், தமிழ் அச்சு வரலாறு, ஒருங்குறி, ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம்

முன்னுரை

செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக வாழ்ந்த ரோஜா முத்தையா 1992இல் மறைந்தார். அவர் சேகரித்துவைத்த நூல்கள், இதழ்கள், நாடக அறிவிப்புகள், அழைப்பிதழ்கள் முதலியன ஏறத்தாழ ஒரு இலட்சம் உருப்படிகள். சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை வாங்கியதையடுத்து, 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தோன்றியது. நுண்படமெடுத்தலும் பட்டியலாக்கமும் அதன் முதன்மைப் பணிகளாயின. தனியொருவரின் சேகரிப்பு உலகெங்குமுள்ள ஆய்வாளர் தேடத்தக்க பட்டியலாக மாறிய இந்நிகழ்வு, தமிழ் நூல்களைக் கணினிக்கு ஆயத்தப்படுத்துவதில் எழும் பொதுவான வினாக்களை எண்ணிப்பார்க்கத் தூண்டுகிறது. தலைப்புப் பக்கத்தில் உள்ளது எவ்வாறு பதிவாகிறது, அவ்வாறு பதிவாகும்போது எது விடுபடுகிறது என்பன அவற்றுள் தலையாயவை.

பட்டியல்களின் முன்வரலாறு

அச்சிட்ட தமிழ் நூல்களை வகைப்படுத்தித் தொகுத்த முன்னோடி முயற்சி ஜான் மர்டாக் 1865இல் சென்னையில் வெளியிட்ட பட்டியலாகும். இரண்டாண்டுகள் கழித்து வந்த 1867ஆம் ஆண்டின் 25ஆம் சட்டம், அச்சிட்டவர் பெயரும் அச்சிட்ட இடமும் நூலில் இடம்பெற வேண்டுமென விதித்தது. அச்சட்டத்தின்படி பேணப்பட்ட பதிவேட்டில் தலைப்பு, மொழி, ஆசிரியர், பொருள், அச்சகம், வெளியான நாள், பக்க எண்ணிக்கை, அளவு, பதிப்பு, படிகளின் எண்ணிக்கை, விலை ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பத்திகள் இருந்தன. பின்னாளில் கணினிப் பட்டியலில் ‘புலம்’ எனப்பட்ட அமைப்பின் சாயலை அப்பத்திகளிலேயே காணலாம்.

1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற சீ. இரா. அரங்கநாதன் 1934இல் தமது பட்டியலாக்க நெறிமுறையை வெளியிட்டார். 1960களில் அமெரிக்கக் காங்கிரசு நூலகத்தில் ஹென்றியட் ஆவ்ராம் தலைமையில் உருவான மார்க் வடிவம், அட்டையில் ஒரே பத்தியாகத் தோன்றிய விவரங்களைக் கணினி அறியத்தக்க புலங்களாகப் பிரித்தது. அட்டையைப் படிக்கும் மனிதர் சூழலைக்கொண்டு உய்த்துணர்ந்தவற்றையெல்லாம் இதன்பின் பதிவு செய்வோரே முன்கூட்டிச் சொல்லவேண்டியதாயிற்று.

ஆண்டு

பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் நூல்கள் பலவற்றில் கிறித்தவ ஆண்டு இடம்பெறுவதில்லை. அறுபதாண்டுச் சுழற்சியின் ஆண்டுப்பெயரோ, கலியாண்டோ, சாலிவாகன சகமோ, கொல்லம் ஆண்டோ, இசுலாமியத் தமிழ் நூல்களாயின் ஹிஜ்ரி ஆண்டோ இருக்கும். சான்றாக, ஒரு நூலின் தலைப்புப் பக்கத்தில் ‘விக்கிரம வருடம் தை மாதம்’ என்று மட்டும் உள்ளதெனக் கொள்வோம். விக்கிரம ஆண்டு 1820, 1880, 1940 ஆகிய ஆண்டுகளின் சித்திரையில் தொடங்கியது. 1880இல் தொடங்கியதே பொருந்துமெனத் தெளிந்தாலும், தை மாதம் 1881 சனவரியிலேயே பிறக்கும். மாற்று அட்டவணையை மட்டும் நம்பி 1880 என உள்ளிட்டால் ஓராண்டு பிழைபடும்.

எந்தச் சுழற்சி என்பதை அச்சகப் பெயர், முகவரி, விலைக்குறிப்பு, எழுத்துரு, தாள் ஆகியவற்றைக் கொண்டே முடிவுசெய்ய இயலும். இந்தியர் அச்சகம் நடத்துவதில் இருந்த கட்டுப்பாடுகள் 1835இல் நீங்கின என்ற செய்தியும், 1867ஆம் ஆண்டுச் சட்டத்தின் பதிவேடும் இதற்குத் துணைபுரியும். இத்தகைய முடிவை எட்ட அட்டை மட்டும் போதாது. நூலையே மீண்டும் எடுத்துப் பார்க்கவேண்டும்.

மார்க் வடிவம் ஐயத்திற்கு இடமளிக்கிறது. உறுதிப்படாத ஆண்டெனக் குறியிட்டு, சாத்தியமான தொடக்க ஆண்டையும் இறுதி ஆண்டையும் அதில் தரலாம். அவ்வாறின்றி ஊகத்தை ஓர் எண்ணாக மட்டும் உள்ளிட்டால், அடுத்த தலைமுறை ஆய்வாளருக்கு அது சான்றாகிவிடும். எந்தப் பத்தாண்டில் எத்தனை நூல்கள் வெளிவந்தன என்று பட்டியலைக்கொண்டு எண்ணுவோர் அவ்வூகத்தையும் சேர்த்தே எண்ணுவர்.

பெயர்

ஆசிரியர் பெயரைக் குடும்பப்பெயர், இயற்பெயர் எனப் பகுக்கும் மேலை மரபு தமிழ்ப் பெயர்களுக்குப் பொருந்துவதில்லை. ஊர்ப்பெயரும் தந்தைபெயரும் முன்னே வர, இயற்பெயர் அவற்றின் பின்னே நிற்கும்; சாதிப்பட்டம் சேருமாயின் அது இறுதியில் வரும். சீர்காழி, இராமாமிருதம் என்னும் இரு பெயர்களின் முதலெழுத்துகளைத் தாங்கிய அரங்கநாதன் பெயரே இதற்குச் சான்று. 1978இல் வெளியான ஆங்கில-அமெரிக்கப் பட்டியலாக்க விதிகளின் இரண்டாம் பதிப்பு, குடும்பப்பெயரில்லாத தமிழ்ப் பெயர்களை இயற்பெயரின்கீழ்ப் பதிய வழிவகுத்தது. ஆயினும் இறுதிச் சொல்லையே தலைச்சொல்லாகக் கொள்ளும் பழக்கம் தொடருமிடத்தில் ‘பிள்ளை’, ‘முதலியார்’, ‘ஐயர்’ என்பன தலைச்சொற்களாகி, இயற்பெயர்கள் அவற்றின் பின்னே மறைந்துபோகும்.

ஒருவரே பல பெயர்களில் எழுதியிருத்தல் மற்றொரு சிக்கல். மறைமலையடிகளின் தொடக்ககால நூல்கள் வேதாசலம் என்ற பெயரில் வெளிவந்தவை. சொ. விருத்தாசலமும் புதுமைப்பித்தனும் ஒருவரே என்பதைக் கணினி தானாக அறியாது. பெயர்வடிவங்களை ஒன்றிணைக்கும் செந்தரக் கோப்பு, உள்ளீடு தொடங்கும் முன்பே உருவாகவேண்டும். அதேவேளையில் தலைப்புப் பக்கத்தில் உள்ள பெயர்வடிவமும் பதிவில் மாறாது நிற்றல் வேண்டும். வேதாசலம் எப்போது மறைமலையடிகளாக அச்சில் தோன்றினார் என்பது தனித்தமிழியக்க வரலாற்றின் ஒரு கூறு. செந்தரப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டால் அச்செய்தி அழிந்துபோகும்.

ஒரு கட்டடம், பல நூல்கள்

எட்டு அல்லது பதினாறு பக்கங்களில் வெளிவந்த சிந்து, கும்மி, ஒப்பாரிப் பாடல் முதலிய சிறுநூல்களை உரிமையாளர்கள் ஒன்றாகச் சேர்த்துக் கட்டடம் செய்துகொள்வது வழக்கம். அத்தகைய தொகுதிக்கு நூல் சேர்க்கைப் பதிவேடு ஒரே எண்ணை வழங்கும். அட்டையும் பெரும்பாலும் முதல் நூலின் பெயரையே தாங்கும். அட்டையைப் படியெடுத்தால் எஞ்சிய நூல்கள் கணினியிலும் இல்லாதனவாகும். மார்க் வடிவில் ஒவ்வொரு நூலுக்கும் தனிப்பதிவு அமைத்து, உடன்கட்டப்பட்டவற்றை 501ஆம் புலத்தில் குறிக்கலாம். குஜிலிக்கடைப் பதிப்புகள் போன்ற எளிய மக்களுக்கான நூல்கள் இவ்வகைக் கட்டடங்களுள் மிகுதியாக இருப்பதால், இங்கு நேரும் விடுபாடு அவ்வகை இலக்கியத்தையே பெரிதும் பாதிக்கிறது.

எழுத்தும் வரிசையும்

கணினிப் பட்டியல்கள் நெடுங்காலம் உரோமன் எழுத்தையே ஏற்றன. காங்கிரசு நூலகத்தின் எழுத்துப்பெயர்ப்பு முறை வரிவடிவத்தைப் பின்பற்றுவதால் ககரத்துக்கும் தகரத்துக்கும் ஒவ்வொரு குறியே உண்டு. ‘காந்தி’ என்ற பெயரின் ஆங்கில வழக்கு வடிவத்தைக்கொண்டு தேடுவோருக்குத் தமிழ்த் தலைப்பு கிட்டாது. உள்நாட்டிலோ, எழுத்துருவுக்கு எழுத்துரு குறியாக்கம் வேறுபட்டது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையடுத்துத் தமிழக அரசு டாம், டாப் தரங்களை ஏற்றது. 1991இலேயே தமிழ் இடம்பெற்றிருந்த ஒருங்குறி பின்னர்ப் பரவலாயிற்று.

ஒருங்குறியிலும் ஆயத்தப்பணி முடிந்துவிடுவதில்லை. அதன் குறியெண் வரிசையில் நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும் நிற்கின்றன; புள்ளியின் குறியெண் உயிர்மெய்க் குறிகளுக்குப் பின் வருவதால் ‘க்’ என்பது ‘கௌ’வுக்குப் பின் தள்ளப்படும். அகராதி வரிசைக்குத் தனி விதி தேவை. மேலும் ‘இராமாயணம்’, ‘ராமாயணம்’ ஆகியவற்றைக் கணினி இருவேறு சொற்களாகவே கொள்ளும். தலைப்பை உள்ளவாறே பதிந்து, மாற்று வடிவங்களை 246ஆம் புலத்தில் சேர்ப்பதே இதற்கான வழி.

முடிவுரை

மேற்கண்ட நான்கு சிக்கல்களுக்கும் பொதுவான நெறி ஒன்றுண்டு. நூலில் உள்ளது உள்ளவாறும், பட்டியலாளர் தெளிந்தது அவர் தெளிவாகவும் தனித்தனிப் புலங்களில் நிற்றல் வேண்டும். அவ்வாறு அமைந்த பதிவை நாளை வரும் ஆய்வாளர் திருத்த இயலும். இரண்டும் கலந்த பதிவைத் திருத்த அவர் மீண்டும் நூலையே நாடவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தாள்கள் ஒடிந்து உதிர்ந்துவரும் நிலையில், பல நூல்களுக்கு அவ்வாய்ப்பு இன்னொருமுறை கிட்டாது. ஆதலின் ஆயத்தப்பணியில் எடுக்கப்படும் முடிவுகளும் அவற்றுக்கான காரணங்களும் நூலக ஆவணங்களாகப் பேணப்பட வேண்டும். கணினிப் பட்டியலைச் சான்றாகக் கொள்வோர் அவற்றையும் சேர்த்துப் பயில வேண்டும்.